நூற்கழகம்: சொல்லும் பொருளும்

1

நூற்கழகம் என்னுந் தொடர் இன்று மிக எளிதாக வழங்கப்படுகின்றது. நூல் வெளியிடும் நிறுவனம் தன்னை நூற்கழகம் என்கின்றது. விலை குறைத்து நூல்களை அஞ்சல்வழி அனுப்பும் வணிக நிலையமும் தன்னை அவ்வாறே அழைத்துக்கொள்கின்றது. மாதத்துக்கொருமுறை ஒருவர் வீட்டிலே கூடி ஒரு நாவலைப் பற்றி உரையாடும் பத்துப் பேரும் அப்பெயரையே பூணுகின்றனர். ஒரு சொல் இத்தனை பொருள்களைத் தாங்கி நிற்கும்போது அதன் பின்னால் மறைந்துகிடக்கும் வேறுபாடுகளை இனங்காணுதல் திறனாய்வின் கடமையாகின்றது. இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. எந்நூல் படிக்கப்படல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? அந்நூல் எவ்வடிவிற் படிக்கப்படல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? படித்தவன் தனது மாறுபட்ட கருத்தை எங்கே சொல்வான்? இம்மூன்று வினாக்களும் அச்சொல்லினுள்ளே அடங்கியுள்ளன.

கழகம் என்ற சொல்லின் வரலாறே இவ்விடத்துச் சிந்தனைக்குரியது. திருக்குறளிற் சூது பற்றிய அதிகாரத்தில் அது சூதாடும் இடத்தைக் குறிக்கின்றது. கம்பராமாயணத்திற் கலை பயிலும் இடத்தைக் குறிக்கின்றது. இருபதாம் நூற்றாண்டில், 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் போன்ற பதிப்பு நிறுவனங்களுக்கும், பல்கலைக்கழகத்துக்கும், அரசியற் கட்சிகளுக்கும் அது பெயராயிற்று. பணயம் வைக்கும் இடம், கற்கும் இடம், கட்சி கட்டும் இடம் என்னும் இம்மூன்று பொருள்களும் நூற்கழகங்களின் உலக வரலாற்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டமையை நோக்கும்போது, தமிழ்ச் சொல் தற்செயலாகவேனும் பொருத்தமாக அமைந்துவிட்டது எனலாம்.

2

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே நூல்கள் விலையுயர்ந்த பண்டங்களாயிருந்தன. சிறுநகரங்களில் வாழ்ந்த மதகுரு, மருத்துவர், வழக்கறிஞர், நிலவுடைமையாளர் முதலியோர் தனித்தனியே வாங்கவியலாதவற்றைச் சந்தா சேர்த்துக் கூட்டாக வாங்கினர். நூல் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு முறைப்படி மாறியது. ஆண்டிறுதியில் உறுப்பினரிடையே அந்நூல்கள் விற்கப்பட்டன. அப்பணத்தைக் கொண்டு புதியன வாங்கப்பட்டன. விடுதியொன்றிற் கூடி உணவருந்திய வண்ணம் அடுத்து வாங்கவேண்டிய நூல்களைத் தெரிவுசெய்தனர். அமெரிக்கக் குடியேற்ற நாட்டிலும் இதே தேவை எழுந்தது. 1727இற் பிலடெல்பியாவிற் பெஞ்சமின் பிராங்ளின் நண்பர் சிலரோடு அமைத்த உரையாடற் குழுவிலிருந்தே, 1731இற் சந்தா முறையிலமைந்த நூலகம் ஒன்று தோன்றியது.

இக்கழகங்கள் செல்வரும் நடுத்தர வகுப்பினரும் கூடியவை; உழைப்போருக்கு அவற்றில் இடமிருக்கவில்லை. எனினும் அவற்றின் அமைப்பிலே ஓர் அடிப்படைப் பண்பு உண்டு. பணம் கொடுத்தவரே நூலைத் தெரிந்தனர், தெரிந்தவரே படித்தனர், படித்தவரே கூடிப் பேசினர். தெரிவு, வாசிப்பு, உரையாடல் ஆகிய மூன்றும் ஒரே கையினரிடம் இருந்தன. பிற்காலத்தில் இம்மூன்றும் ஒன்றிலிருந்தொன்று பிரிந்த கதையே நூற்கழகத்தின் கதையாகும்.

முதற் பிரிவு செல்வரிடையே நிகழ்ந்தது. 1812ஆம் ஆண்டு யூன் மாதம் 17ஆந் திகதி லண்டனிலே றொக்ஸ்பறோ கோமகனின் நூற்றொகுதி ஏலத்தில் விற்கப்பட்டபோது, 1471இல் அச்சிடப்பட்ட பொக்காச்சியோவின் நூற்பிரதி ஒன்று 2,260 பவுணுக்கு விலைபோயிற்று. அன்று மாலை விருந்திற் கூடிய நூற்பற்றாளரே றொக்ஸ்பறோ கழகத்தைத் தொடக்கினர். அரிய பழம்பிரதிகளை மிகக் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டுத் தம்முள் வழங்குதல் அவர்தம் வழக்கமாயிற்று. பழைய பாடங்களைக் காத்த வகையில் அவர்தம் பணி போற்றத்தக்கதே. ஆயின் அங்கு நூல் படிக்கும் பொருளாக மட்டுமன்றிச் சேகரிக்கும் பொருளாகவும் மாறியது. பிறருக்குக் கிடைக்காமையே அதன் மதிப்பாயிற்று.

3

இருபதாம் நூற்றாண்டின் வணிக நூற்கழகம் இதற்கு நேர்மாறான நோக்குடையது. 1926இல் நியூயோர்க்கிலே ஹரி ஷேர்மன் என்பார் வேறு இருவரோடு சேர்ந்து நிறுவிய மாதமொரு நூற்கழகம், எல்லார்க்கும் ஒரே நூலை ஒரே காலத்திற் கொண்டுசேர்ப்பதை இலக்காகக் கொண்டது. ஐக்கிய அமெரிக்காவின் பரந்த நிலப்பரப்பிற் புத்தகக் கடை இல்லாத ஊர்கள் எண்ணிறந்தன. ஆயின் அஞ்சலகம் இல்லாத ஊர் அரிது. இவ்வுண்மையே அக்கழகத்தின் அடித்தளம். முதல் நூலாகச் சில்வியா ரவுன்சென்ட் வோர்னரின் ‘லொலி வில்லோஸ்’ என்ற நாவல் 4,750 உறுப்பினருக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் உறுப்பினர் தொகை நாற்பதாயிரத்தைக் கடந்தது.

இக்கழகத்தின் இரு ஏற்பாடுகள் கூர்ந்து நோக்கற்பாலன. ஒன்று, ஐவர் கொண்ட நடுவர் குழு. ஹென்றி சைடல் கன்பி தலைமையில் டொறதி கன்ஃபீல்ட் பிஷர் முதலிய அறியப்பட்ட எழுத்தாளரும் இதழாளரும் அதில் இருந்தனர். நூற்பெருக்கத்தின் நடுவே திகைத்து நின்ற வாசகனுக்கு நம்பத்தகுந்த ஆலோசகர் கிடைத்தனர். மற்றையது, மறுத்தாலன்றி ஏற்றதாகக் கொள்ளும் முறை. வேண்டாம் என்று உரிய காலத்தில் எழுதாத உறுப்பினருக்கு நூல் தானாகவே வந்துசேரும். அதற்குரிய பணத்தை அவர் செலுத்தவேண்டும். வாசகனின் விருப்பம் இங்கு செயலால் அன்றிச் செயலின்மையால் அளக்கப்பட்டது. சோம்பலும் மறதியும் கூட ஒப்புதலாகக் கணிக்கப்பட்டன. கழக உறுப்பினன் என்ற பெயருக்கும் வாடிக்கையாளன் என்ற நிலைக்கும் இடையிலிருந்த எல்லைக்கோடு இங்கேதான் அழிந்தது.

இங்கிலாந்திலும் 1929இற் ஹியூ வோல்போலைத் தலைவராகக் கொண்டு இதனையொத்த நூற்சங்கம் ஒன்று தோன்றியது. 1932இற் கியூ. டி. லீவிஸ் எழுதிய ‘புனைகதையும் வாசக மக்களும்’ எனப் பொருள்படும் ஆய்வு, இத்தகைய சங்கங்கள் சுவையை ஒருசீராக்கி நடுத்தரமானவற்றையே உயர்ந்தனவென நம்பவைக்கின்றன எனக் கண்டித்தது. இக்கண்டனத்தில் உண்மையுண்டு. எனினும் அதன் குறைபாட்டையும் சுட்டவேண்டும். சுவை தாழ்ந்துவிட்டது என்று கூறுவோர், அச்சுவையுடையார் யார், எத்தகைய வாழ்வினர், அவர்க்கு முன்பு என்ன கிடைத்தது என்று வினவுவதில்லை. தொலைதூர ஊரொன்றில் வாழ்ந்த ஆசிரியைக்கோ கடை எழுத்தருக்கோ, அக்கழகத்தின் பொதி வராத மாதத்திற் கிடைத்தது அதனினும் உயர்ந்த நூல் அன்று. பெரும்பாலும் எந்நூலுமே கிடைத்திராது. ஜனிஸ் றட்வே 1997இல் வெளியிட்ட ஆய்வு, அக்கழகத்தின் பிற்காலத் தெரிவாளரை அவர்தம் அலுவலகத்திலேயே அவதானித்து எழுதப்பட்டது. வாசகனை முற்றாக ஆட்கொள்ளும் வாசிப்பின்பத்தையும் அவர்கள் ஓர் அளவுகோலாகக் கொண்டிருந்தமையை அது எடுத்துக்காட்டியது. இன்பம் இழிவன்று. ஆதலின் வணிக நூற்கழகத்தின் மீது வைக்கவேண்டிய குற்றச்சாட்டு, அது தாழ்ந்த சுவையை வளர்த்தது என்பதன்று. அக்குற்றச்சாட்டு வேறிடத்தில் இருக்கின்றது. றிச்சட் றைற்றின் இரு நூல்களுக்கு நேர்ந்தவை அதனைத் தெளிவாக்கும்.

4

கறுப்பின எழுத்தாளரான றைற்றின் ‘நேற்றிவ் சன்’ என்ற நாவல் 1940இற் கழகத்தின் தெரிவாயிற்று. கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் நூல் அவ்வாறு தெரியப்பட்டது அதுவே முதன்முறை. சில வாரங்களுள்ளேயே இலட்சக்கணக்கான பிரதிகள் பரவின. ஆயின் அதற்கு ஒரு விலை இருந்தது. கழகத்தின் வேண்டுகோளுக்கிணங்க, திரையரங்கு ஒன்றில் நிகழும் பாலியல் சார்ந்த காட்சி நீக்கப்பட்டது. வெள்ளையினப் பெண்ணொருத்தியின் கவர்ச்சியும் நாயகன் மீதான அவளது நாட்டமும் பற்றிய பகுதிகள் மாற்றப்பட்டன. கறுப்பின இளைஞனின் உடலுணர்வு ஒடுக்கப்பட்ட முறையைக் காட்டும் நாவலிலேயே அவ்வுணர்வு ஒடுக்கப்பட்டது.

நான்காண்டுகளின் பின்னர் நிகழ்ந்தது இதனினும் பாரதூரமானது. றைற் தமது தன்வரலாற்றை இரு பகுதிகளாக எழுதியிருந்தார். முதற்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களிற் பட்டினியோடும் அச்சத்தோடும் கழிந்த இளமையைக் கூறுவது. இரண்டாம் பகுதி சிக்காகோ நகர வாழ்வையும், பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து முரண்பட்ட அனுபவத்தையும் கூறுவது. கழகம் முதற்பகுதியை மட்டுமே ஏற்றது. 1945இல் ‘பிளாக் போய்’ என்ற பெயரில் அது வெளிவந்தது. சிறுபராயமும் இளமையும் பற்றிய பதிவு என்னும் துணைத்தலைப்பு, நூல் அங்கேயே நிறைவுறுவது போன்ற தோற்றத்தை அளித்தது. நடுவருள் ஒருவரான கன்ஃபீல்ட் பிஷர், அமெரிக்க இலட்சியங்களின் நற்செல்வாக்கை ஒப்புக்கொள்ளும் சில சொற்களை முடிவிலே சேர்க்குமாறு றைற்றுக்கு எழுதினார். அவர் அதற்கு முழுமையாக உடன்படவில்லை. இரண்டாம் பகுதி ‘அமெரிக்கன் ஹங்கர்’ என்ற பெயரில் நூலாக வெளிவந்தது 1977இலேயாம். றைற் இறந்து பதினேழு ஆண்டுகள் அப்போது கழிந்துவிட்டன. இரு நூல்களும் மூல வடிவுக்கு மீட்கப்பட்டு வெளியானது 1991இல்.

இவ்வெட்டின் விளைவை வெறும் பக்கக் கணக்காற் கணித்தல் தவறு. முதற்பகுதி வடக்கு நோக்கிப் புறப்படும் நம்பிக்கையோடு முடிகின்றது. வடக்கிலும் நிறவெறியும் பட்டினியும் காத்திருந்தன என்பதைக் கூறுவது இரண்டாம் பகுதி. அதனை நீக்கியதும், ஒரு நாட்டின் மீதான குற்றச்சாட்டாக எழுதப்பட்ட நூல், ஒரு பிராந்தியத்தின் மீதான குற்றச்சாட்டாகச் சுருங்கிவிட்டது. வடபகுதி வெள்ளையின வாசகன் தன்னைக் குற்றவாளியாகக் காணாது இரக்கமுடைய சாட்சியாகக் காணும் வாய்ப்புக் கிட்டியது.

அந்நூலிலேயே இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. மெம்பிஸ் நகரப் பொது நூலகத்திற் கறுப்பினத்தவர் நூல் இரவல் பெறவியலாது. ஆதலின் இளைஞரான றைற், தம்மோடு வேலைசெய்த வெள்ளையர் ஒருவரின் நூலக அட்டையைக் கொண்டு, அவருக்காக நூல் எடுக்க வந்தவர் போல நடித்து நூல்களைப் பெறுகின்றார். வாசிக்கும் உரிமையைப் பிறர் பெயரில் இரந்து பெற்ற ஒருவரின் கதையை, எத்தனையோ ஆயிரம் வாசகர் பாதி மட்டுமே பெற்றனர். பாதிதான் பெறுகின்றோம் என்பதை அவர்தம் கையிலிருந்த நூல் அவர்க்கு உணர்த்தவில்லை.

5

வணிக நோக்கே இதற்குக் காரணம், கொள்கை நோக்குடைய கழகம் இவ்வாறு செய்யாது எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோர் இடதுசாரி நூற்கழகத்தின் வரலாற்றைக் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும்.

1936இல் லண்டன் பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ் இக்கழகத்தை நிறுவினார். அவருடன் நூல்களைத் தெரிந்தவர்கள் ஜோன் ஸ்ரேச்சியும் ஹரோல்ட் லாஸ்கியும் ஆவர். லாஸ்கி இலங்கை இடதுசாரி இயக்க முன்னோடிகளுள் ஒருவரான என். எம். பெரேராவின் லண்டன் ஆசிரியர் என்பது ஈழத்து வாசகர் அறிந்ததே. இத்தாலியிலும் ஜேர்மனியிலும் பாசிசம் ஆட்சியில் இருந்தது. கழகம் தொடங்கிய சில வாரங்களிலேயே ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டது. இச்சூழலில் மாதந்தோறும் இரண்டு ஷிலிங் ஆறு பென்சுக்கு, செம்மஞ்சள் நிற மெல்லட்டையோடு ஒரு நூல் உறுப்பினரை அடைந்தது. கடைவிலையோடு ஒப்பிடின் இது மிகக் குறைவு. எட்கர் ஸ்னோவின் சீனம் பற்றிய நூலும் (1937), ஆதர் கோஸ்லரின் ஸ்பானிய அனுபவ நூலும் (1937), ரஜனி பாமி தத்தின் இந்தியா பற்றிய நூலும் (1940) இவ்வாறு பரவியவற்றுட் சிலவாம். 1939இல் உறுப்பினர் தொகை 57,000 வரை உயர்ந்தது.

அக்கழகத்தின் தனிச்சிறப்பு இத்தொகையன்று. நூலைப் பெற்ற உறுப்பினர் தத்தம் ஊர்களிற் கூடி அதனைப் பற்றி வாதிட்ட குழுக்களே அதன் உயிர்நாடியாயின. பிரித்தானியாவெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் இயங்கின. தொழிலாளரும் ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசினர், நாடகம் நடித்தனர், ஸ்பானிய மக்களுக்கு உதவி திரட்டினர். பதினெட்டாம் நூற்றாண்டுக் கழகத்திலிருந்து பிரிந்துபோன உரையாடல் இங்கு மீண்டும் வாசிப்போடு இணைந்தது. முன்பு இடம்பெறாதிருந்த வகுப்பினரும் அதிற் பங்குகொண்டனர். தெரிவு மட்டும் மூவர் கையிலேயே இருந்தது.

அதன் விளைவு ஜோர்ஜ் ஓர்வெல் விடயத்தில் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் வடபகுதிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்வை 1936இல் நேரிற் கண்டு அவர் எழுதிய ‘த றோட் ரு விகன் பியர்’, 1937 மார்ச்சிற் கழக வெளியீடாக நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகள் வெளிவந்தது. அந்நூலும் இரு பகுதிகளையுடையது. முதற்பகுதி தொழிலாளர் வறுமையைக் கூறுவது. இரண்டாம் பகுதி நடுத்தர வகுப்புச் சோசலிசவாதிகளின் போலித்தனத்தைச் சாடுவது. சாடப்பட்டோர் கழக உறுப்பினருட் பெருந்தொகையினர். கொலான்ஸ் முழுநூலையும் வெளியிட்டார். ஆயின் இரண்டாம் பகுதியோடு தமக்குள்ள மாறுபாட்டை விளக்கும் முன்னுரையொன்றைத் தாமே எழுதிச் சேர்த்தார். அடுத்து, அதே ஆண்டு மே மாதத்தில் முதற்பகுதி மட்டும் தனிநூலாக வெளியிடப்பட்டது. மூன்றாவதாக, ஸ்பானியாவிலிருந்து திரும்பிய ஓர்வெல் அங்கு பொதுவுடைமைக் கட்சியின் நடத்தை பற்றி எழுதவிருந்த நூலை, அது எழுதப்படுமுன்னரே கொலான்ஸ் ஏற்க மறுத்தார். ‘ஹோமேஜ் ரு கற்றலோனியா’ என்ற அந்நூல் 1938இல் வேறொரு பதிப்பாளரால் 1,500 பிரதிகள் அச்சிடப்பட்டது. 1950இல் ஓர்வெல் இறக்கும்வரை அவை விற்றுத் தீரவில்லை.

முன்னுரை, வெட்டு, மறுப்பு ஆகிய இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நியாயமன்று. முன்னுரை வாசகனை மதிக்கின்றது. ‘இந்நூலில் இன்ன பகுதி பிழையென யாம் கருதுகின்றோம், நீரே படித்துத் தீர்மானியும்’ என்பதே அதன் உட்கிடை. இரண்டு குரல்களும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. ஊர்க்குழு அவற்றை வைத்து வாதிடலாம். வெட்டப்பட்ட பதிப்போ அவ்வாதத்துக்கு இடமளிப்பதில்லை. மறுப்பு, வாதம் இருந்தது என்பதையே அப்பெருந்திரளான வாசகரிடமிருந்து மறைத்துவிடுகின்றது. கொலான்ஸின் முன்னுரையைக் கண்டிப்போர் பலர். உண்மையில் அம்முன்னுரையே அவர் கழகத்தின் மிகச் சிறந்த செயலாகும். பின்னைய இரண்டும் அதிலிருந்து விலகிச் சென்றமையே வருந்தத்தக்கது.

1939 ஓகஸ்டில் ஜேர்மனியும் சோவியத் நாடும் செய்துகொண்ட உடன்படிக்கை இக்கழகத்தைப் பிளந்தது. 1941இற் கொலான்ஸ் தொகுத்த ‘இடதுசாரிகளின் துரோகம்’ எனப் பொருள்படும் நூலில், முன்பு மறுக்கப்பட்ட ஓர்வெலின் கட்டுரைகளும் இடம்பெற்றன. 1948இற் கழகம் முடிவுற்றது. மூவர் கையில் இருந்த தெரிவு, அம்மூவரின் அரசியல் நிலைப்பாடு மாறியதும் ஆட்டங்கண்டது. வாசகர்க்கு நூல்களைக் கொடுத்த கழகம், நூல்களை எதிர்பார்த்திருக்கும் வழக்கத்தையும் கொடுத்திருந்தது.

வணிகக் கழகமும் கொள்கைக் கழகமும் நோக்கத்தால் வேறுபட்டவை. ஒன்று இலாபத்தையும், மற்றையது பாசிச எதிர்ப்பையும் குறிக்கோளாகக் கொண்டது. இரண்டாவதன் குறிக்கோள் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டும் ஒவ்வொரு நூலின் முதற்பகுதியைத் தனித்து வழங்கி இரண்டாம் பகுதியைப் பிரித்தன. இரு நூல்களிலும் பிரிக்கப்பட்ட பகுதி, வாசகனின் மனநிறைவைக் குலைக்கும் பகுதியேயாம். பிறர் துன்பத்தைக் காட்டும் பக்கங்கள் ஏற்கப்பட்டன. வாசகன் தன்னைத்தானே வினவவேண்டிய பக்கங்கள் ஏற்கப்படவில்லை. இவ்வொற்றுமை தனிமனிதர் குணத்தால் விளைந்ததன்று. பெருந்தொகையான உறுப்பினரை இழந்துவிடலாகாது என்னும் அச்சம் அமைப்பின் உள்ளேயே இருந்தமையால் விளைந்தது.

6

நூலைக் கொடுப்பதன்றி நூலைப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட கழகங்கள் பிறிதொரு மரபின. 1831இற் பிலடெல்பியாவிற் கறுப்பினப் பெண்கள் அமைத்த இலக்கியச் சங்கம் இம்மரபின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. அடிமை முறை தென்மாநிலங்களில் நிலைபெற்றிருந்த காலத்தில், அப்பெண்கள் கூடிப் படித்தனர். தாமே எழுதியவற்றைப் பெயர் குறியாது சபையில் வைத்துத் திருத்தம் பெற்றனர். அவர்களுக்கு நூற்கழகம் பொழுதுபோக்கன்று, கல்வி நிலையமே ஆயிற்று. வாசகர் எழுத்தாளராக மாறும் களமாகவும் அது அமைந்தது.

1996இல் ஒப்றா வின்பிறி தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே தொடங்கிய நூற்கழகம் இவ்விரு மரபுகளையும் இணைக்க முயன்றது. ரொனி மொறிசனின் நாவல்கள் நான்கு அதிற் பேசப்பட்டன. கடினமானவை எனப் பல்கலைக்கழகங்கள் தமக்கென வைத்துக்கொண்ட நாவல்களை இலட்சக்கணக்கான இல்லங்கள் படித்தன. இது சிறிய செயலன்று. எனினும் நூலைத் தெரிந்தவர் ஒருவர், திரையிற் பேசியவர் சிலர், ஏனையோர் பார்வையாளர். உரையாடல் என்பதும் இங்கு பிறர் நிகழ்த்தக் காணும் காட்சியாக மாறும் அபாயம் இருந்தது. அக்காட்சியைக் கண்டபின் தம்மூரிற் கூடிய சிறு குழுக்களே அதனை மீண்டும் கழகமாக்கின.

சிறு குழு என்பதாலேயே ஒன்று குறையற்றதாகிவிடாது. ஒரே தொழிலும் ஒரே வருவாயும் ஒரே நோக்கும் உடையோர் கூடுமிடத்தில் நடுவர் குழு தேவையில்லை, கருத்தொற்றுமையே நடுவராகிவிடுகின்றது. நட்புக் கெடலாகாது என்பதற்காக மாறுபாடு விழுங்கப்படுகின்றது. வெட்டப்பட்ட நூலைப் போலவே வெட்டப்பட்ட உரையாடலும் உண்டு.

7

ஈழத்துத் தமிழரிடையே நூற்கழகம் என்ற பெயர் பிற்பட்டதாயினும் கூட்டுவாசிப்பு மிகப் பழையது. யாழ்ப்பாணக் கோயில்களிற் புராணபடனம் நிகழும்போது ஒருவர் செய்யுளை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். எழுத்தறியாதாரும் கந்தபுராணத்தை அறிந்தமை இவ்வழியாலேயாம். ஆயின் அங்கு நூல் முன்னரே தீர்மானிக்கப்பட்டது. பயனும் பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டது. கோயிலினுள்ளே நுழைய அனுமதிக்கப்படாத சாதியினர்க்கு அச்சபையிலும் இடமிருக்கவில்லை. கிராமந்தோறும் எழுந்த வாசிகசாலைகள் இந்நிலையை ஓரளவு மாற்றின. ஒரே செய்தித்தாளைப் பலர் படித்தனர். ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கேட்டனர். கேட்டவர் எதிர்த்தும் பேசினர். பயன் சொல்பவர் ஒருவர் என்ற நிலை அங்கு தளர்ந்தது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தோற்றமும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1933இற் க. மு. செல்லப்பா தமது இல்லத்திலிருந்து நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். ஆர்வலர் பலர் கூடி ஒரு குழுவமைத்தனர். 1934இல் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு அது நூலகமாயிற்று. கூட்டாக நூல் சேர்த்துக் கைமாற்றிப் படித்த பழைய கழகத்தின் பண்பு இதன் தொடக்கத்திற் காணப்படுகின்றது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி நாளிரவில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அந்நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தது ஓர் அரசாங்கச் சொத்து மட்டுமன்று. ஒரு சிலர் தம் கைநூல்களைப் பொதுவாக்கியதிலிருந்து வளர்ந்த கூட்டுச் செயலொன்றே அழிக்கப்பட்டது. அதனாற்றான் அவ்விழப்பை ஒவ்வொருவரும் தம் வீட்டிழப்பாக உணர்ந்தனர்.

தமிழகத்தில் 1960களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடாத்திய வாசகர் வட்டம், சந்தா பெற்று உறுப்பினர்க்கு நூல் வழங்கிய முயற்சியாகும். 1968இல் அது வெளியிட்ட ‘அக்கரை இலக்கியம்’, இலங்கை, மலேசியத் தமிழ் எழுத்துகளைத் தமிழக வாசகர்முன் தொகுத்து வைத்தது. அதன் அச்சுத் தரமும் தெரிவும் இன்றும் பாராட்டப்படுகின்றன. ஆயின் வட்டம் என்ற சொல் நடுவில்லாத கூட்டத்தை நினைவூட்டினும், அம்முயற்சி நல்லதொரு பதிப்பகமாகவே நினைவிலுள்ளது. அக்கரை எது, இக்கரை எது என்பதைத் தீர்மானித்ததும் தெரிவாளர் நின்ற கரையே. அங்கு நின்று நோக்கியமையால் ஈழத்து இலக்கியம் அக்கரையாயிற்று. தெரிவு எத்துணை நல்லெண்ணம் உடையதாயினும் அது நிற்கும் இடம் ஒன்றுண்டு என்பதற்கு இத்தலைப்பே சான்றாகும்.

8

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து நூற்கழகம் என்பதற்கு ஒரே இலக்கணம் வகுத்தல் எளிதன்று என்பது புலனாகும். கூட்டாக வாங்குதல், அரிதாகப் பதிப்பித்தல், மலிவாக வழங்குதல், கூடிப் பேசுதல் ஆகிய நான்கும் அப்பெயரால் வழங்கின, இனியும் வழங்கும். ஆயின் இவற்றை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் ஒன்று உண்டு. உறுப்பினர் தொகையோ நூலின் விலையோ தெரிவாளரின் புகழோ அவ்வளவுகோல் ஆகாது. நூல் முழுமையாக வாசகன் கைக்கு வருகின்றதா? தெரிவு தவறெனக் கூற அவனுக்கு ஓர் இடமுண்டா? அவ்வாறு கூறியபின்னும் அவன் உறுப்பினனாக இருக்கவியலுமா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடையிறுக்கும் அமைப்பு, பத்துப் பேருடையதாயினும் கழகமாகும். இல்லை என்று விடையிறுப்பது ஐம்பதினாயிரம் பேருடையதாயினும் விற்பனை நிலையமோ பிரசார நிலையமோ ஆகும்.

இவ்வளவுகோல் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும். பாடத்திட்டமும் ஒரு தெரிவே. விரிவுரைக் குறிப்பும் ஒருவகையிற் பாதி நூலே. குறிப்பை மட்டும் படித்து மூலநூலைத் திறவாது தேர்வெழுதும் மாணவன், இரண்டாம் பகுதியை இழந்த அவ்வாசகனிலிருந்து பெரிதும் வேறுபட்டவன் அல்லன். வேறுபாடு ஒன்றே: அவனுக்கு இரண்டாம் பகுதி நூலகத் தட்டிலேயே இருக்கின்றது. அதனை எடுத்துவந்து விரிவுரையாளர் முன்னிலையிலும் சக மாணவர் நடுவிலும் விரித்து வைத்து வாதிடும் வழக்கம் ஏற்படுமாயின், பல்கலைக்கழகம் என்னும் பெயரின் இறுதியில் நிற்கும் சொல் தன் பொருளைப் பெறும்.